மேய்ப்பு நாயும் பத்துப் பேர்ச் வளவும்

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. பயனின்றி அலைந்து திரிவோரை எள்ளி நகையாடுவதற்காக முன்னோர் இதனைச் சொல்லி வைத்தனர். ஆயினும், நாயைப் பற்றிய கூரிய அவதானிப்பொன்றும் இதனுள் பொதிந்திருக்கிறது. வேலைக்கென்றே பல தலைமுறைகளாக உருவாக்கப்பட்ட ஒரு நாயை வேலையின்றி வைத்திருந்தால், அது சும்மா நிற்காது. தனக்கொரு வேலையைத் தானே தேடிக்கொள்ளும். அவ்வேலை வீட்டுக்காரர் விரும்பும் வேலையாகத்தான் இருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் நாயொன்றைத் தெரிவு செய்வது பற்றிய விவாதம் நடந்தது. சிறிய காரியந்தான். எனினும், அது உழைப்பைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும், நம்மவரின் அந்தஸ்து மோகத்தைப் பற்றியும் எங்களைச் சிந்திக்க வைத்தது. வீட்டுக்கு நாய் வாங்க எண்ணியிருக்கும் பிறருக்கும் பயன்படலாம் என்னும் கருத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று நம்மவர் பெயரிட்டனர். நான் படுவான்கரையிற் பிறந்தவன். ஆசிரியத் தொழிலின் பொருட்டு எழுவான்கரையிற் குடியேறியவன். எங்கள் வளவு பத்துப் பேர்ச். அதிலே வீடும் கிணறும் இரண்டு தென்னைகளும் ஒரு முருங்கையும் போக, எஞ்சிய மண்ணில் ஒரு சைக்கிளைத் திருப்பி எடுக்கலாம். மதிலுக்கு அப்பால் ஒழுங்கை. ஒழுங்கையில் ஓயாது முச்சக்கர வண்டிகள்.

இந்த வளவுக்குள்ளேதான் போடர் கொலி என்னும் மேய்ப்பு நாய் வர வேண்டும் என்று என் பிள்ளைகள் விரும்பினர். கைத்தொலைபேசியில் அவர்கள் ஒரு படம் பார்த்திருந்தனர். கறுப்பும் வெள்ளையுமான நாயொன்று, தலையைத் தாழ்த்திப் பதுங்கி நடந்து, பார்வையாலேயே நூறு செம்மறியாடுகளை ஒரு வாயிலுக்குள் புகுத்துகிறது. "அப்பா, அது கடிக்கவே இல்ல, பார்க்குது மட்டுந்தான்" என்று வியந்தாள் ஆறாம் வகுப்பிற் படிக்கும் மகள். லண்டனிலிருக்கும் என் அக்காவின் மகன் இதனைக் கேள்வியுற்று, "மாமா, காசைப் பத்தி யோசிக்காதீங்க. கொழும்பில குட்டி விக்கிறாங்களாம். நான் அனுப்புறன்" என்றான். விற்பவர் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியது.

விலையுயர்ந்த நாய் நம் ஊர்களுக்குப் புதியதன்று. வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களில் சீமை நாய்கள் இருந்தன. துரைமார் போன பின்னர் நம்முள்ளே பணம் படைத்தோரின் கேற்றடிக்கு அல்சேஷன் வந்தது. "நாய் கவனம்" என்னும் பலகை வீட்டுக்காரரின் செல்வத்தை அறிவிக்கும் விளம்பரமாகவும் பயன்பட்டது. இன்றோ வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளிலும் அவ்விருப்பம் குடிபுகுந்துள்ளது. கூட்டுக்குள் அடைபட்டு, பகலெல்லாம் மூச்சிரைத்து, மாலையில் அரைமணி நேரம் சங்கிலியுடன் ஒழுங்கையைக் காணும் நாய்கள் எத்தனை! அந்த அல்சேஷனும் ஒரு மேய்ப்பு நாயே. ஜெர்மனியில் மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்னும் படை அதிகாரி, இடையர்களின் நாய்களிலிருந்து அவ்வினத்தை 1899ஆம் ஆண்டு நிலைநிறுத்தினார். நம் கேற்றடியில் நின்று குரைப்பது, ஆட்டு மந்தையின் ஓரத்தில் நாள் முழுவதும் நடந்து திரிவதற்காகப் பிறந்த உடல்.

போடர் கொலியின் வரலாற்றைப் படித்தபோது, அதுவும் உழைப்பின் வரலாறாகவே இருக்கக் கண்டேன். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளே அதன் தாயகம். 1873ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. லண்டனில் கென்னல் கிளப் என்னும் நாய்ச் சங்கம் அமைக்கப்பட்டது. நாயின் உருவத்துக்கும் வமிசத்துக்கும் இலக்கணம் வகுப்பது அதன் பணியாயிற்று. அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் மேய்ப்பு நாய்களுக்கான போட்டி நடைபெற்றது. அங்கே நாயின் அழகையன்றி அதன் வேலையையே மக்கள் பார்த்தனர். இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான பூசல் இன்றும் ஓயவில்லை.

இன்றைய போடர் கொலிகளின் முன்னோன் எனக் கொள்ளப்படும் நாய் 1893ஆம் ஆண்டு நோர்தம்பர்லாந்திற் பிறந்தது. ஹெம்ப் என்பது அதன் பெயர். அடம் டெல்பர் என்பவர் அதனை வளர்த்தார். குரைத்தும் கடித்தும் ஆடுகளை வெருட்டிய பழைய நாய்களைப் போலன்றி, அமைதியான கூர்ந்த பார்வையால் அது மந்தையை நடத்தியது. இடையர் தம் பெட்டை நாய்களை அதனிடம் கொண்டுவந்தனர். இருநூறுக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு அது தந்தையாயிற்று. 1906ஆம் ஆண்டு சர்வதேசச் செம்மறி நாய்ச் சங்கம் தோன்றியது. அதன் பதிவேட்டில் நாயின் மதிப்பு வேலையினாலேயே அளக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழிந்து 1976இல் பிரித்தானியக் கென்னல் கிளப்பும், 1995இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இதனைக் காட்சிக்குரிய இனமாக ஏற்றபோது, அமெரிக்காவில் இந்நாய்களைக் கொண்டு வேலை வாங்கியோர் வன்மையாக எதிர்த்தனர். காதின் வளைவையும் மயிரின் நிறத்தையும் பார்த்துப் பரிசளித்தால் வேலைத்திறன் மங்கிப்போகும் என்பது அவர்கள் வாதம்.

ஹெம்ப் பிறந்த அதே 1893ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. அங்கே ஒரு நாய் இனமொன்றின் முதல்வனாகப் போற்றப்பட்டது; இங்கே ஊர் நாய் அரசாங்கத்தின் ஏடுகளில் ஓர் ஆபத்தாக மட்டுமே இடம்பெற்றது. நம் நாயை நாமே இழிவாக நோக்கும் வழக்கத்துக்கு அக்காலத்துச் சட்டமும் ஓரளவு துணை நின்றிருக்கும் என எண்ணுகிறேன்.

இனி, அந்நாயின் இயல்பைப் பார்ப்போம். ஓநாய் இரையை வேட்டையாடும்போது முதலில் உற்று நோக்கும்; பின்னர் பதுங்கி நெருங்கும்; துரத்தும்; பற்றும்; கொல்லும். இந்த வரிசையில் முதல் மூன்றையும் வளர்த்து, கடைசி இரண்டையும் அடக்கியதே இடையர்கள் செய்த விந்தை. ஆகவே, ஆடுகளைப் பார்வையால் நடத்தும் அந்நாய் வேட்டையின் பாதியை ஓயாது நடித்துக்கொண்டிருக்கிறது எனலாம். அதன் அறிவோ வியக்கத்தக்கது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோன் பில்லி என்னும் உளவியற் பேராசிரியர் வளர்த்த சேசர் என்ற போடர் கொலி, 1,022 பொருள்களின் பெயர்களை அறிந்திருந்ததாக 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால், அப்பேராசிரியர் அதற்காக மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்குப் பல மணி நேரம் உழைத்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்தகைய நாயைப் பத்துப் பேர்ச் வளவுக்குள் விட்டால் என்ன நேரும்? ஆடில்லாத இடத்தில் அது பிள்ளைகளை மேய்க்கும். ஓடும் குழந்தையின் குதிக்காலைக் கௌவும். ஒழுங்கையிற் செல்லும் முச்சக்கர வண்டியையும் சைக்கிளையும் மந்தையிலிருந்து பிரிந்த ஆடுகளாக எண்ணித் துரத்தும். அதுவும் இயலாதவிடத்துச் சுவரில் விழும் நிழலையும் ஒளியையும் மணிக்கணக்கில் வெறித்துப் பார்த்துத் துள்ளும். நாளுக்கு இரண்டு மணி நேர ஓட்டமும், அறிவுக்கு ஏற்ற வேலையும் இல்லாவிடின் இவை நேர்வது இயல்பு. பார்ப்போர் இதனைக் குறும்பு என்பர். விசர் என்றுகூடச் சொல்வர். உண்மையில் அது வேலையற்றவனின் துயரம்.

நம் நாட்டுக் காலநிலையையும் எண்ண வேண்டும். நாய் தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பினாலேதான். வாவிக்கரையின் ஈரக்காற்றில் அதுவும் எளிதிற் பயன் தராது. கச்சான் வீசும் மாதங்களிலோ நிழலும் சுடுகிறது. குளிர்க்குன்றுக்கெனச் செறிந்த இரட்டை மயிர்ப்போர்வை அணிந்த பிராணி, தான் களைத்ததையும் உணராமல் ஓடி விழும் இயல்புடையது. உண்ணிகளும், அவை பரப்பும் காய்ச்சல்களும் ஆண்டு முழுவதும் உள்ளன. மாடுகளின் ஒட்டுண்ணிகளுக்கு இடும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து, கொலி வகை நாய்கள் சிலவற்றின் மூளையைத் தாக்கி உயிருக்கே ஊறு செய்யும். பரம்பரையாக வரும் ஒரு குறைபாடே அதற்குக் காரணம். மிருக வைத்தியரைக் கேளாமல் மாட்டு மருந்தை நாய்க்கு இடும் பழக்கமுள்ள ஊர்களில் இது சிறிய அபாயம் அன்று.

இவற்றையெல்லாம் வாசித்து முடித்த பின்னர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாவியைக் கடந்து என் பெரியப்பாவிடம் சென்றேன். தம் வாழ்நாளெல்லாம் மாட்டுப் பட்டியோடு கழித்தவர் அவர். கைத்தொலைபேசியில் இருந்த படத்தை மகள் அவருக்குக் காட்டினாள். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "கெட்டிக்கார நாய்தான், மனே" என்றார்.

"உங்கட பட்டி நாய் இப்படி மாட்டை மேய்க்குமா, அப்பப்பா?" என்று கேட்டாள் மகள்.

"மாடு எங்க போகுமெண்டு மாட்டுக்குத் தெரியும், புள்ள. நாய்க்கு வேலை ராவைக்குத்தான். நரி கண்டடிக்கு வந்தாலும் சொல்லும், யானை வந்தாலும் சொல்லும், கள்ளன் வந்தாலும் சொல்லும். மனிசன் நித்திரை கொள்ள வேணுமே!"

மேய்க்கும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு என்று நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் மூன்று வசனங்களிற் சொல்லிவிட்டார். நம் பட்டி நாய்க்குப் பதிவேடு இல்லை. வமிசப் பத்திரம் இல்லை. படுவான்கரையிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த 2007ஆம் ஆண்டில், பல பட்டிகளில் மனிதர் போன பின்னும் நாய்கள் நின்றன. திரும்பி வந்தோர் சிலர் மாடுகளைக் காணவில்லை. எலும்புந்தோலுமாய் நாயை மட்டும் கண்டனர். தருமர் தம் நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்த கதையைத் திரௌபதை அம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் பாரதம் படிக்கக் கேட்பவர் நாம். அக்கதையில் நாய் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று எவரும் கேட்டதில்லை.

பெரியப்பா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மேய்ச்சல் தரையே இல்லாமப் போற காலத்தில மேய்க்கிற நாய் என்னத்துக்கு, மனே?" என்றார்.

அக்கேள்வியின் பின்னே பெரியதொரு துயரம் இருந்தது. மட்டக்களப்பில் மாரி வேளாண்மை தொடங்கியதும் வட்டைகளிலிருந்து மாடுகள் அகற்றப்பட வேண்டும். இல்லையேல் பயிர் அழியும். ஆகவே, அவற்றைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வதும், அறுவடையின் பின்னர் திரும்பக் கொணர்வதும் தொன்றுதொட்ட வழக்கம். மயிலத்தமடுவும் மாதவனையும் அத்தகைய தரைகள். பொலன்னறுவை எல்லையை அண்டியும் மகாவலி அபிவிருத்தி வலயத்துக்குள்ளும் கிடக்கும் அந்நிலங்களில், வெளியிடங்களிலிருந்து வந்தோர் காடு திருத்திப் பயிர் செய்வதால் மேய்ச்சல் அருகியது என்றும், தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் மடிகின்றன என்றும் பண்ணையாளர் முறையிட்டனர். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்து அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கேட்டது சலுகையன்று. தம் மாடுகளுக்குப் புல்.

எல்லைப்புற இடையரின் நாய்களைப் பற்றி வாசித்தபோது இதற்கு எதிர்மாறான இன்னொரு கதையையும் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தின் வடபுலத்து நிலப்பிரபுக்கள், கம்பளி விலையில் ஆசை கொண்டு, தம் நிலங்களைச் செம்மறிப் பண்ணைகளாக்கினர். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடிகள் துரத்தப்பட்டனர். சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீடுகள் தீயிடப்பட்டன. மக்கள் போன இடத்துக்குத் தெற்கிலிருந்து ஆடுகள் வந்தன. ஆடுகளோடு எல்லைப்புற இடையரும், இன்றைய போடர் கொலியின் மூதாதையரான நாய்களும் வந்தன. ஒரு நாயும் ஓர் இடையனும் பல நூறு ஆடுகளை மேய்க்கக் கூடியதாய் இருந்தபடியால், அப்பெரும் நிலங்களுக்கு மனிதர் தேவைப்படவில்லை. அங்கே மந்தைக்காக மனிதர் வெளியேற்றப்பட்டனர். இங்கே மந்தையும் மனிதரும் ஒருங்கே ஒடுங்குகின்றனர். இரு கதைகளிலும், நிலத்தோடு உழைத்து வாழ்ந்தவனிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. நாய் குற்றமற்றது, ஏவியவருக்காக அது ஓடியது. ஆனால், அதன் அழகிய ஓட்டத்தைக் கண்டு மகிழும் நாம், அந்த ஓட்டம் எந்த வரலாற்றில் விளைந்தது என்பதை அறிந்துகொண்டு மகிழ்வது நல்லது.

இவ்வளவு சொன்னதனால் மேய்ப்பு நாயை எவரும் வளர்க்கலாகாது என்பது என் முடிபு என்று கருதிவிட வேண்டாம். இனம் ஒன்றே நாயின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்னும் நம்பிக்கையும் பிழையே. 2022ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய விபரங்களைத் திரட்டி, அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்கலாம் என அவர்கள் கண்டனர். ஆகவே, சோம்பேறியான போடர் கொலியும் உண்டு. ஓயாது ஓடும் ஊர் நாயும் உண்டு. எனினும், மனிதனின் ஏவலுக்குச் செவிசாய்க்கும் இயல்பு போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு ஏனையவற்றிலும் கூடுதலாகத் தென்பட்டது என்றும் அவ்வாய்வே கூறுகிறது. இனத்தின் பெயரைப் பார்த்து நாயை வாங்குபவர் பாதி குருடராய் வாங்குகிறார்; தம் வீட்டைப் பாராமல் வாங்குபவரோ முழுக்குருடராய் வாங்குகிறார்.

எனவே, இத்தகைய நாயை விரும்புவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. விடியற்காலையிலும் மாலையிலும் மழையென்றும் வெயிலென்றும் பாராது அதனோடு ஓடப் போகிறவர் யார்? பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்குப் போன பின்னர் அதற்கு வேலை கொடுப்பவர் யார்? அதன் சாப்பாடும் மருந்தும் வீட்டிலுள்ளோரின் சாப்பாட்டையும் மருந்தையும் குறைக்குமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்ற பின்னும் அது உயிரோடிருக்கும். அப்போது அதைப் பார்ப்பவர் யார்? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லக் கூடியவர், வேலியிட்ட நிலமும் ஓடக் கூடிய காலும் உடையவர், வாங்கட்டும். பெரும்பாலும் விடை ஒன்றாகவே இருக்கும்: வீட்டுப் பெண்மணி. அவரைக் கேளாமல் நாய் வாங்குவது, சம்பளமில்லாத இன்னொரு வேலையை அவர் தலையில் ஏற்றுவதாகும். எங்கள் வீட்டில் என் மனைவி இதனை முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்.

மகள் இலேசில் விடுபவள் அல்லள். "அப்ப வேலை இல்லாட்டி நாய்க்கு வீட்டில இடமில்லையா, அப்பா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. உழைப்பவனுக்கே உணவு என்னும் கோட்பாட்டை ஈவிரக்கமின்றி நீட்டினால் அது கிழவரையும் நோயாளரையும் தெருவில் தள்ளிவிடும். ஆகவே அவளுக்குச் சொன்னேன்: "இடமிருக்கு, மகள். வேலை செய்யாமலே ஒரு நாய் எங்களோட இருக்கலாம். ஆனா, ஓட வேணுமெண்டே பிறந்த ஒண்டைக் கட்டி வைச்சு, அதைப் பார்த்து நாங்க சந்தோசப்படலாமா?" அவள் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு நாட்களின் பின், "அப்ப பெரிய அப்பப்பாட பட்டியில கிடக்கிற குட்டி?" என்றாள்.

அக்குட்டி பெட்டை. நம் ஊர்களில் பெட்டைக் குட்டியின் விதி யாவரும் அறிந்ததே. கடுவனை எவராவது கேட்டு வாங்குவர். பெட்டைகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டுவிடுவர். அவை பெருகும், பசிக்கும், கடிக்கும். பின்னர் அவற்றையே நாம் சபிப்போம். 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்லாதிருக்கும் கொள்கையை அரசு கைக்கொண்டது. நல்ல கொள்கையே, ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் ஊர்தோறும் ஒழுங்காக நடந்தாலன்றி அது பாதிக் கருணையாகவே நின்றுவிடும். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்ட பின்னர் அதற்கு மருந்தில்லை. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். இதனைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாய்ப்பாடு போல் அறிந்திருத்தல் வேண்டும்.

லண்டன் மருமகனுக்கு எங்கள் முடிபைச் சொன்னேன். சிறிது ஏமாற்றம் அடைந்தான், பின்னர், "அப்ப அந்தக் காசை என்ன செய்ய, மாமா?" என்றான். அதில் ஒரு பகுதியைக் கொண்டு எங்கள் ஒழுங்கையில் உரிமையாளரின்றித் திரிந்த ஐந்து பெட்டை நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தோம். மிஞ்சியது வீட்டுக் குட்டியின் ஊசிகளுக்கும் கழுத்துப் பட்டிக்கும் போதியதாயிற்று. அவளை நாள்தோறும் காலையில் வாவிக்கரை வழியே நடத்திச் செல்லும் பொறுப்பு பிள்ளைகளுக்கு. தவறும் நாளில் கதவைப் பிறாண்டி அவளே நினைவூட்டுகிறாள்.

நாயைத் தெரிவு செய்தல் சொந்த விருப்பம் சார்ந்தது என்பர். உண்மையே. ஆயினும், ஓர் உயிரின் உடலில் நூற்றாண்டுகளின் உழைப்பு எழுதப்பட்டிருக்கும்போது, அதனை விலைக்கு வாங்கிக் கூட்டில் வைப்பவர் அவ்வுழைப்பையே அலங்காரப் பொருளாக்குகிறார். மேய்க்கும் நாயின் திறமையைக் கண்டு நாம் வியக்கிறோம், நியாயந்தான். அத்திறமை மதிப்புப் பெறுவது மேய்ச்சல் தரையில். அந்தத் தரைக்காக வெயிலில் அமர்ந்த பண்ணையாளரையும் நாம் திரும்பிப் பார்க்க வேண்டும். புல்லும், அதனை மேயும் பட்டியும், பட்டிக்குரிய மனிதனும் இருந்தாற்றான், சட்டி நிறைந்த தயிரும் இரவெல்லாம் விழித்திருக்கும் நாயும் நம் நாட்டில் இருக்கும்.